எண்ணெயை உடைக்கும் சுடுமணல்

கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தால் மேலே வாயுவும் பெட்ரோலும், நடுவில் மண்ணெண்ணெயும் டீசலும், அடியில் தாரும் என்று தானாகப் பிரிந்துவிடும். ஆனால் நாம் கேட்கிற அளவில் பிரியாது. பெட்ரோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் ஆள் வரிசையில் நிற்கிறார்கள். அடியில் தங்கும் கனத்த எண்ணெயை வாங்க அவ்வளவு பேர் இல்லை. ஆகவே அந்தக் கனத்த மூலக்கூறுகளை உடைத்து இலேசாக்க வேண்டியிருக்கிறது. இதற்குத்தான் கிராக்கிங் என்று பெயர். மணலியிலும் ஜாம்நகரிலும் இந்த வேலையைச் செய்யும் யூனிட்டை எஃப்.சி.சி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதன் முழுப்பெயர் ஃப்ளூயிட் கேட்டலிட்டிக் கிராக்கிங்.

உடைக்க வெப்பம் வேண்டும். வெப்பம் குறைந்தால் எண்ணெய் பாதி உடையாமலே வெளியே வரும். கூடினாலோ பெட்ரோலாக நிற்க வேண்டியது மேலும் நொறுங்கி மீத்தேனும் ஈத்தேனுமாகப் போகும். அதை ஆலையின் அடுப்பிலேயே எரித்துவிட வேண்டியதுதான். இரண்டுக்கும் இடையே இருக்கும் இடம் ரொம்பக் குறுகல். பத்து டிகிரி தள்ளிப்போனாலே கிடைக்கும் சரக்கின் கலவை மாறி, லாபக் கணக்கும் மாறிவிடும். நூறு ஆண்டுகளாக இந்தத் துறையில் நடந்த முக்கியமான கண்டுபிடிப்புகளை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் ‘சூட்டை எப்படி உள்ளே கொண்டுபோவது, எப்படி வெளியே எடுப்பது’ என்ற ஒரே கேள்விக்குச் சொல்லப்பட்ட பதில்களாகத்தான் இருக்கும்.

முதல் பதில் முரட்டுத்தனமானது. அமெரிக்காவில் இண்டியானா ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியின் வில்லியம் பர்ட்டன், 1913-இல் பெரிய இரும்புக் கொப்பரைகளில் எண்ணெயை ஊற்றி, அழுத்தத்தில் வைத்து, கீழே தீ மூட்டினார். சுமார் 400 டிகிரி செல்சியஸ். வேலை நடந்தது, பெட்ரோலும் கூடுதலாகக் கிடைத்தது. தொல்லை எங்கே வந்தது என்றால், தீ வெளியே இருக்கிறது, எண்ணெய் உள்ளே இருக்கிறது, சூடு இரும்பைத் தாண்டித்தான் போக வேண்டும். இரும்பை ஒட்டியிருக்கும் எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்து கரியாகிறது. அந்தக் கரி சூட்டை உள்ளே விடாது. உள்ளே போகாத சூடு இரும்பில் தங்க, இரும்பு சிவந்து, இளகிப் புடைக்கும். ஓரிரண்டு நாளுக்கு ஒருமுறை தீயை அணைத்து, கொப்பரையை ஆறவிட்டு, ஆட்களை உள்ளே இறக்கிக் கரியை வெட்டி எடுத்தார்கள். எரியும் கொப்பரையில் எங்காவது கசிந்தால் மேலே ஏறி அடித்து அடைக்கவும் ஆள் இருந்தார்கள். நினைத்தாலே நமக்கு வியர்க்கிற வேலை.

அடுத்து வந்தவர் யூஜின் ஹூட்ரி என்ற பிரெஞ்சுக்காரர். முதல் உலகப் போரில் டாங்கிப் படையில் இருந்தவர், கார் பந்தயப் பிரியர். களிமண் வகை வினையூக்கி ஒன்றின் மேல் எண்ணெய் ஆவியைச் செலுத்தினால் உடைவது எளிது, கிடைக்கும் பெட்ரோலும் உயர்தரம் என்று காட்டினார். 1937-இல் பென்சில்வேனியாவின் மார்க்கஸ் ஹூக்கில் சன் ஆயில் கம்பெனி அவருடைய முறையில் பெரிய ஆலையே கட்டியது. ஆனால் வினையூக்கி பத்து நிமிடத்துக்குள் கரி மூடிச் செயலற்றுப்போகும். எண்ணெயை நிறுத்திவிட்டு, காற்றை ஊதி, கரியை எரித்து அதைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு மறுபடி எண்ணெய்.

இங்கே வெப்பத்தின் தொல்லை வேறு உருவில் வந்தது. மூலக்கூறு உடையும்போது வெப்பத்தை உறிஞ்சும். கரி எரியும்போது வெப்பத்தைக் கக்கும். ஒரே பாத்திரம் பத்து நிமிடம் சூடு போதாமல் தவிக்கிறது, அடுத்த பத்து நிமிடம் சூடு மிஞ்சி வினையூக்கியே பாழாகிவிடும் நிலைக்குப் போகிறது. ஹூட்ரி வினையூக்கிப் படுகைக்குள் குழாய்களைச் செருகி, உருக்கிய உப்பை ஓடவிட்டார். எரியும் நேரத்தில் உப்பு சூட்டை வாங்கிக்கொள்ளும். உடையும் நேரத்தில் திருப்பிக் கொடுக்கும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனால் அத்தனை குழாய், அத்தனை வால்வு, நிமிடக் கணக்கில் திறந்து மூடும் கடிகார இயந்திரம் என்று ஆலை சிக்கலாகிவிட்டது. உரிமத் தொகையும் அதிகம்.

அந்தத் தொகையைக் கொடுக்க விரும்பாத நியூ ஜெர்சி ஸ்டாண்டர்ட் ஆயில் வேறு வழி தேடியது. எம்.ஐ.டி. பேராசிரியர்கள் வாரன் லூயிஸும் எட்வின் கில்லிலாண்டும் வினையூக்கியைப் பொடியாக்கிச் சரியான வேகத்தில் அடியிலிருந்து வாயுவை ஊதினால் அது தண்ணீர்போல நடந்துகொள்ளும் என்று ஆய்ந்து சொன்னார்கள். குழாயில் ஓடும், மேடேறும், பள்ளத்தில் இறங்கும், மட்டம் பார்க்கும். அப்படியானால் ஒரே பாத்திரத்தில் மாற்றி மாற்றி வேலை செய்வானேன்? உடைக்க ஒரு பாத்திரம், எரிக்க ஒரு பாத்திரம். பொடி இரண்டுக்கும் இடையே ஓயாமல் சுற்றட்டும். லூசியானாவின் பேட்டன் ரூஜில் 1942 மே 25 அன்று முதல் எஃப்.சி.சி. ஓடத் தொடங்கியது. போர்க்காலம், விமான எரிபொருளுக்கு நாடே அலைந்துகொண்டிருந்தது.

தெருவில் தள்ளுவண்டியில் கடலை வறுப்பவரைப் பார்த்திருப்பீர்கள். கடலையை வெறும் சட்டியில் போட்டால் ஒரு பக்கம் கருகும், ஒரு பக்கம் பச்சையாக இருக்கும். மணலைக் காய்ச்சி அதில் கடலையைப் புரட்டினால் ஒவ்வொரு கடலைக்கும் எல்லாப் பக்கமும் சூடு போய்ச் சேருகிறது. எஃப்.சி.சி.யில் பொடி செய்வதும் இதுதான். பர்ட்டனின் கொப்பரையில் இரும்புச் சுவர் ஒன்றுதான் சூடு கொடுத்தது. இங்கே எண்ணெய்த் துளியைச் சுற்றி இருக்கும் கோடிக்கணக்கான துகள்கள் ஒவ்வொன்றும் சூடு கொடுக்கின்றன. துகளின் குறுக்களவு சராசரி 70 மைக்ரான், உப்புத் தூளைவிடச் சன்னம். கடலைக்காரரின் மணலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இந்த மணல் ஒவ்வொரு சுற்றிலும் அழுக்காகிறது. அந்த அழுக்குத்தான் அடுப்புக்கு விறகு.

ஒரு சுற்றைக் கூடவே போய்ப் பார்ப்போம். நாளொன்றுக்கு 50,000 பீப்பாய் எண்ணெயை உடைக்கும் யூனிட் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு ஏறக்குறைய ஐந்து டன் எண்ணெய். இருநூறு முந்நூறு டிகிரிக்குச் சூடேறிய எண்ணெய், நீராவியோடு கலந்து சாரலாக, ரைசர் என்னும் செங்குத்துக் குழாயின் அடியில் பாய்கிறது. அங்கே 700 டிகிரியில் பொடி காத்திருக்கிறது. ஒரு டன் எண்ணெய்க்கு ஆறேழு டன் பொடி. எண்ணெய் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆவியாகி விரிந்து பொடியையும் தூக்கிக்கொண்டு மேலே பறக்கிறது. உச்சியை அடைய இரண்டு மூன்று நொடி. அதற்குள் உடைய வேண்டியது உடைந்தாக வேண்டும். உச்சியில் வெப்பம் 530 டிகிரி அளவுக்கு இறங்கியிருக்கும். பொடி இழந்த அந்த 170 டிகிரிதான் எண்ணெயை ஆவியாக்கியது, உடைத்தது எல்லாம். அங்கே சைக்ளோன்கள் என்னும் சுழற்றிப் பிரிக்கும் கருவிகள் பொடியையும் ஆவியையும் பிரிக்கின்றன. ஆவி வடிகோபுரத்துக்குப் போகிறது. கரி படிந்து கறுத்த பொடி, நீராவியில் அலசப்பட்டு, ரீஜெனரேட்டர் என்னும் பெரிய பாத்திரத்துக்கு இறங்குகிறது. அடியிலிருந்து ராட்சத புளோயர் காற்றை ஊத, கரி எரிந்து பொடி மறுபடி 700 டிகிரிக்கு ஏறி ரைசருக்குத் திரும்புகிறது. நிமிடத்துக்கு முப்பத்தைந்து டன் பொடி இப்படி இரவு பகலாக ஆண்டுக்கணக்கில் சுற்றும்.

எண்ணெயில் சுமார் ஐந்து சதவீதம் கரியாக மாறுகிறது. அதை எரித்த சூட்டில்தான் மீதி எண்ணெய் உடைகிறது. யூனிட் ஓடத் தொடங்கிய பிறகு, உடைப்பதற்கென்று தனியாக ஒரு தீ இல்லை. ஓடத் தொடங்கும்போது மட்டும் காற்றைச் சூடாக்கி உள்ளே அனுப்பி, பொடி 400 டிகிரி அளவுக்கு வந்தபின் அதன் மேல் கொஞ்சம் எண்ணெயைத் தெளித்துப் பற்றவைப்பார்கள்.

இதனால் ஒரு வினோதமான நிலை ஏற்படுகிறது. ரீஜெனரேட்டரின் வெப்பத்தை இன்னதென்று நிர்ணயிக்க ஒரு குமிழும் கிடையாது. கன்ட்ரோல் ரூமில் இருப்பவர் நிர்ணயிப்பது ரைசர் உச்சியின் வெப்பத்தைத்தான். அது இறங்கினால், பொடி வரும் பாதையிலுள்ள ஸ்லைடு வால்வு கொஞ்சம் திறக்கும், கூடுதல் பொடி வரும், சூடு ஏறும். ரீஜெனரேட்டர் எந்த வெப்பத்தில் போய் நிற்கிறது என்பது, எண்ணெயின் தரம், கரியின் அளவு, காற்று, நீராவி எல்லாம் தங்களுக்குள் பேசி முடிவு செய்கிற விஷயம்.

புதிதாக வேலைக்கு வரும் எஞ்சினியரைக் கலாய்க்க ஒரு கேள்வி போதும்: எண்ணெயை இன்னும் கொஞ்சம் காய்ச்சி அனுப்பினால் அதிகம் உடையுமா, குறைவாக உடையுமா? அதிகம் என்றுதான் தோன்றும். குறைவு என்பதே சரியான பதில். எண்ணெய் ஏற்கெனவே சூடாக வந்துவிட்டதால் ரைசர் உச்சியை 530-இல் வைக்கக் குறைந்த பொடியே போதும். வால்வு மூடிக்கொள்கிறது. பொடி குறைந்தால் எண்ணெய் தொடும் வினையூக்கியும் குறைகிறது, உடைவதும் குறைகிறது. ரீஜெனரேட்டரிலோ சூட்டைத் தூக்கிப் போக வரும் பொடி குறைந்ததால் வெப்பம் ஏறுகிறது. என் கணிப்பில், எஃப்.சி.சி. புரிந்துவிட்டதா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை இல்லை.

எரிவதிலும் நுட்பம் உண்டு. ஒரு கிலோ கார்பன் முழுதாக எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆனால் கிடைக்கும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குகூட, அது பாதியில் நின்று கார்பன் மோனாக்சைடு ஆனால் கிடைக்காது. ஆகவே எவ்வளவு காற்று ஊதுகிறோம் என்பதே எவ்வளவு சூடு என்பதையும் தீர்மானிக்கிறது. மோனாக்சைடு பொடிப் படுகையைத் தாண்டி மேலே போய், அங்கே மிச்சமிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்தால் ஆபத்து. படுகைக்குள் எரிந்தால் சூட்டை வாங்கிக்கொள்ள டன் கணக்கில் பொடி இருக்கிறது. மேலே வெறும் வாயுதான். சைக்ளோன்களின் உலோகம் தாங்கும் எல்லையைத் தாண்டி வெப்பம் எகிறும். 1970-களில் இதற்கு ஒரு வழி வந்தது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்ற அளவில் பிளாட்டினம் கலந்தாலே மோனாக்சைடு படுகைக்குள்ளேயே எரிந்து முடிந்துவிடுகிறது.

நீராவி அலசலைச் சிறிய வேலை என்று நினைக்கக் கூடாது. சரியாக அலசாவிட்டால் துகளின் துளைகளில் எண்ணெய் ஒட்டிக்கொண்டு எரிய வரும். எண்ணெயில் ஹைட்ரஜன் அதிகம். ஹைட்ரஜன், எடைக்கு எடை, கார்பனைப்போல நான்கு மடங்கு வெப்பம் தரும். விற்க வேண்டிய சரக்கும் போய், வேண்டாத சூடும் வந்து சேரும்.

காற்று போதாவிட்டால் வேறு கதை. கரி முழுதாக எரியாமல் சுற்றுக்குச் சுற்று சேரும். நன்றாக எரிந்த பொடி வெளிர்சாம்பல் நிறத்தில் இருக்கும். மாதிரி எடுத்துப் பார்த்தால் கறுத்துக்கொண்டே வருவது கண்ணுக்கே தெரியும். காற்றைக் கூட்டி எரித்துத் தள்ளிவிடலாம் என்றுதான் கை போகும். அப்படிச் செய்தால் சேர்ந்த கரியெல்லாம் ஒரேயடியாகப் பற்றி வெப்பம் கட்டுக்கடங்காமல் போய்விடும். அனுபவஸ்தர்கள் முதலில் எண்ணெயைக் குறைப்பார்கள். புதிய கரி வருவதைத் தடுத்துவிட்டு, பழையதை மெதுவாகத் தீர்ப்பார்கள்.

1960-களில் மோபில் கம்பெனியின் சார்ல்ஸ் பிளாங்க், எட்வர்ட் ரொசின்ஸ்கி இருவரும் ஜியோலைட் வினையூக்கியைக் கொண்டுவந்ததும் கரி வெகுவாகக் குறைந்தது, பெட்ரோல் கூடியது. குறைந்த கரியிலும் சூடு போதும்படி யூனிட்டுகளையே மாற்றியமைக்க வேண்டியிருந்தது. பின்னர் ஆலைகள் விலை மலிவான அடித்தங்கலையும் உடைக்கத் தொடங்கியபோது எதிர்த்திசையில் தொல்லை: அதில் கரி அதிகம், நிக்கலும் வனேடியமும் வேறு. இப்போது மிஞ்சும் சூட்டை எடுக்க ரீஜெனரேட்டருக்குப் பக்கத்தில் ‘கேட் கூலர்’ வைக்கிறார்கள். சூடான பொடி தண்ணீர்க் குழாய்களை உரசிப்போகும். தண்ணீர் உயரழுத்த நீராவியாகி ஆலையின் மற்ற எந்திரங்களை ஓட்டும். ஹூட்ரியின் உப்புக் குழாய் செய்த வேலையில் பாதியை இது செய்கிறது. இந்தியன் ஆயிலின் இண்ட்மேக்ஸ் முறையிலோ ரைசர் வெப்பத்தை 550-க்கு மேலே கொண்டுபோவார்கள்; அங்கே வேண்டுமென்றே கூடுதலாக உடைத்துச் சமையல் எரிவாயுவும் புரொப்பிலீனும் எடுக்கிறார்கள்.

சூட்டைக் கட்டுப்படுத்தும் ஸ்லைடு வால்வுகளுக்கு இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. ஒரு பக்கம் எண்ணெய் ஆவி, மறுபக்கம் காற்று. நடுவில் தடுப்பாக நிற்பது வால்வுக்கு மேல் குவிந்திருக்கும் பொடி மட்டுமே. அந்தப் பொடியோ இரும்பை அரிக்கும். 2015 பிப்ரவரி 18 அன்று கலிஃபோர்னியாவின் டாரன்ஸில் யூனிட்டைத் தற்காலிகமாக நிறுத்திவைத்திருந்தபோது, தேய்ந்த வால்வு வழியே பொடி வடிந்துபோனது. தடுப்பு இல்லாமல் எண்ணெய் ஆவி காற்றுப் பக்கம் நுழைந்து, புகைத் தூசியைப் பிடிக்கும் மின்கருவி வரை போய், அங்கே வெடித்தது. 2018 ஏப்ரல் 26 அன்று விஸ்கான்சினின் சுப்பீரியரில் பராமரிப்புக்காக யூனிட்டை நிறுத்திக்கொண்டிருந்தபோது நடந்தது இதன் தலைகீழ்: தேய்ந்த வால்வு வழியே காற்று எண்ணெய்ப் பக்கம் போய் வெடித்தது, 36 பேர் காயமடைந்தார்கள், ஊர்மக்களை வெளியேற்றினார்கள். இரண்டுமே யூனிட் முழு வேகத்தில் ஓடாத நேரத்தில் நடந்தவை.

கிராக்கிங்கில் இன்னொரு குடும்பம் உண்டு. நாப்தா என்னும் இலேசான எண்ணெயை நீராவியோடு கலந்து 850 டிகிரியில், ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் உடைத்து, உடனே குளிரவைத்து எத்திலீன் எடுக்கும் உலைகள் அவை. வினையூக்கி இல்லாத வெறும் குழாய்கள். வெளியே எரிவாயுத் தீ. ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபனில் பி.ஏ.எஸ்.எஃப்., சாபிக், லிண்டே மூன்றும் சேர்ந்து, தீக்குப் பதில் மின்சாரத்தால் சூடாக்கும் மாதிரி உலையை 2024-இல் திறந்தன. புகையில்லாத மின்சாரம் கிடைத்தால் அங்கே புகையையும் குறைக்கலாம். எஃப்.சி.சி.க்கு அந்த வழி பாதிதான் உதவும். மின்சாரத்தை இலவசமாகவே கொடுத்தாலும் கரியை எரித்தால்தான் பொடி மறுபடி வேலைக்கு ஆகும். எரித்தால் சூடு வந்தே தீரும். கார்பன் டை ஆக்சைடும் கூடவே வரும். ஒரு சுத்திகரிப்பு ஆலை வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடில் கணிசமான பங்கு இந்த ஒரு பாத்திரத்தின் புகைபோக்கியிலிருந்து போகிறது. அதை அங்கேயே பிடித்து வைக்க முடியுமா என்பதில்தான் இப்போது எஞ்சினியர்கள் இறங்கியிருக்கிறார்கள்.