பாட்டுப் போட்டியில் 50,000 ஜெயித்த பொண்ணுக்கு 35,000 தான் வந்தது. மீதி எங்கே?

போன வாரம் நம்ம சேனல்ல போட்ட ஐடிஆர் வீடியோவைப் பார்த்துட்டு, பாபநாசத்துக்குப் பக்கத்து கிராமத்திலிருந்து ஒருத்தர் ஆபீஸுக்கே வந்துவிட்டார். மூணு ஏக்கர் நஞ்சை வைத்து விவசாயம் பார்க்கிறவர். குறுவை வேலைக்கு நடுவே பஸ் ஏறி வந்திருந்தார், கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் ஒரு பேங்க் பாஸ்புக்.

"ஆடிட்டர் தம்பி, டிவி போட்டியில நம்ம பொண்ணுக்கு அம்பதாயிரம் பரிசுன்னு மேடையிலேயே சொன்னாங்க. பாஸ்புக்குல முப்பத்தஞ்சுதான் ஏறியிருக்கு. பதினஞ்சாயிரத்தை எவன் எடுத்தான்?"

யாரும் எடுக்கலை. அது டிடிஎஸ். ஆனால் அவருடைய கேள்வி நியாயமான கேள்விதான். ஏன்னா அதே பொண்ணு அதே பாட்டைப் பாடி, அதே 50,000-ஐ வேறு வழியில் வாங்கியிருந்தால் ஒரு ரூபாய்கூட வரி வந்திருக்காது. இதைப் பிள்ளைகளைப் போட்டிக்கு அழைத்துப் போகிற பெற்றோர் யாரும் முன்கூட்டியே யோசிப்பதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு குறிப்பு. கீழே சொல்கிற பிரிவு எண்கள் எல்லாம் 1961 வருமான வரிச் சட்டத்தின்படி. 2025-26 நிதியாண்டுக்கு இப்போ நாம் தாக்கல் செய்கிற ரிட்டர்னுக்கு அதுதான் பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், 2025 வந்துவிட்டது. அதில் எண்கள் மாறியிருக்கின்றன. அதனால் எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம், விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்குக் கலையால் வருகிற பணத்தை வரிச் சட்டம் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. படிப்புச் செலவுக்காகத் தரப்படுவது உதவித்தொகை. அதற்குப் பிரிவு 10(16)-ன் கீழ் முழு விலக்கு, உச்சவரம்பே கிடையாது. கொடுப்பது அரசாங்கமாகத்தான் இருக்கணும் என்றும் இல்லை. ஒரு டிரஸ்ட் கொடுத்தாலும், சபா கொடுத்தாலும், நோக்கம் கல்வியாக இருந்தால் போதும். பீஸ் மட்டும்தான் கல்விச் செலவா என்றால், இல்லை. படிப்பதற்காக ஆகிற மற்றச் செலவுகளும் அதில் அடங்கும் என்றுதான் நீதிமன்றங்கள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. அமெரிக்காவில் இருக்கிற நம்ம சொந்தக்காரர்களுக்கு இந்தச் சலுகை கிடையாதுங்க. அங்கே ஸ்காலர்ஷிப்பில் டியூஷன், புத்தகத்துக்குப் போகிற பகுதிக்குத்தான் விலக்கு, தங்கும் செலவு சாப்பாட்டுச் செலவுக்குப் போவது வரிக்கு உட்பட்டது. இந்த ஒரு விஷயத்தில் நம்ம சட்டம் தாராளம்.

அடுத்தது போட்டிப் பரிசு. "திறமைக்குக் கொடுத்த பரிசு எப்படி வருமானம் ஆகும்?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இந்தக் கேள்வி சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்கு, அதுவும் நம்ம தமிழ்நாட்டிலிருந்தே. ஜி.ஆர். கார்த்திகேயன் என்பவர் அகில இந்திய நெடுஞ்சாலை மோட்டார் ராலியில் ஜெயித்து 22,000 ரூபாய் பரிசு வாங்கினார். வரித்துறை அதை வருமானம் என்றது. மெட்ராஸ் ஹைகோர்ட் இல்லை என்றது. 1993-ல் சுப்ரீம் கோர்ட், ராலி என்பது சூதாட்டமோ பந்தயமோ இல்லை, திறமைச் சோதனைதான், ஆனாலும் கையில் வந்த பரிசு வருமானமே என்று முடித்துவிட்டது. கார் ஓட்டி வாங்கின பரிசுக்கே அப்படி என்றால், கல்யாணி ராகம் பாடி வாங்கின பரிசுக்கும் அதுதான் கதி.

பயப்பட வேண்டாம். ஊர் சபாவிலோ, கல்லூரியிலோ, ஒரு அறக்கட்டளை நடத்துகிற போட்டியிலோ ஜெயித்த சாதாரணப் பரிசுப் பணம், 'இதர வருமானம்' என்ற தலைப்பில் வழக்கமான ஸ்லாப் கணக்கில் சேர வேண்டியது என்பதுதான் என் கருத்து. வேறு வருமானமே இல்லாத பிள்ளைக்குப் புதிய வரிமுறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை. அப்போ அந்தப் பரிசுக்கு வரி பூஜ்யம்.

சிக்கல் எங்கே என்றால் டிவி நிகழ்ச்சியில். லாட்டரி, குதிரைப் பந்தயம், சீட்டாட்டம் எல்லாவற்றையும் பிரிவு 115பிபி ஒரே கூடையில் போட்டு 30% வரி விதிக்கிறது. 2001-ல் சட்டத்தைத் திருத்தி, டிவியிலோ எலக்ட்ரானிக் வழியிலோ ஆட்கள் போட்டியிட்டுப் பரிசு ஜெயிக்கிற கேளிக்கை நிகழ்ச்சியையும் அந்தக் கூடையிலேயே சேர்த்துவிட்டார்கள். பன்னிரண்டு வயசிலிருந்து சாதகம் பண்ணின பிள்ளையும் லாட்டரிச் சீட்டு வாங்கினவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கு. இந்தக் கூடையில் விழுந்துவிட்டால் அடிப்படை வரம்பு கிடையாது, சென்னைக்குப் போய்வந்த செலவு, உடை, மிருதங்கக்காரருக்குக் கொடுத்தது எதையும் கழிக்க முடியாது. 30%, அதன்மேல் 4% செஸ், ஆக 31.2%. பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால் கொடுக்கும்போதே 30% பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அந்தப் பதினைந்தாயிரம் அங்கேதான் போனது.

பரிசு பணமாக இல்லாமல் பொருளாக இருந்தால் இன்னும் மோசம். 40 லட்சம் ரூபாய் வீடு பரிசு என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 லட்சம் வரி கட்டிய பிறகுதான் சாவியைக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். டெல்டாவில் ஒரு நடுத்தரக் குடும்பம் 12 லட்சத்துக்கு எங்கே போகும்? நகையை வைக்கணும், இல்லை நிலத்தை வைக்கணும். இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கு. "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு, வரியை மட்டும் முதலில் கட்டுங்க" என்று போன் செய்கிற மோசடிக் கும்பலும் இதே வசனத்தைத்தான் பேசுகிறது. உண்மையான நிறுவனம் என்றால் கட்டின வரி உங்கள் பான் எண்ணில் 26ஏஎஸ் பட்டியலில் தெரியும், படிவம் 16ஏ கொடுப்பார்கள். ஜிபே நம்பருக்கு வரி கட்டச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

சரி, அந்த அப்பாவுக்கு என்ன வழி? வழி இருந்தது. பொண்ணுக்கு 13 வயசு. மைனர் வருமானம் என்றால் அப்பா அம்மா கணக்கில் சேர்த்துவிடுவார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். பிரிவு 64(1ஏ) பொதுவாக அப்படித்தான் சொல்கிறது. ஆனால் பிள்ளை தன் சொந்தத் திறமையால், உழைப்பால் சம்பாதித்தது அதில் சேராது. பாடி வாங்கின பரிசும், சினிமாவில் குழந்தை நட்சத்திரமாக நடித்து வாங்கின சம்பளமும் பிள்ளையின் வருமானமே. பிள்ளை பேரில் தனி ரிட்டர்ன், பெற்றோர் பிரதிநிதியாக இருந்து தாக்கல் செய்யலாம்.

இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு. புதிய முறையில் 115பிபி வரிக்கு 87ஏ தள்ளுபடி கிடையாது. பழைய முறையைத் தேர்ந்தெடுத்தால், மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் இருக்கிறவருக்கு 12,500 வரை தள்ளுபடி உண்டு. அந்தத் தள்ளுபடி இந்த வரிக்கும் பொருந்தும். 50,000-க்கு 30% என்றால் 15,000. அதில் 12,500 போனால் 2,500. செஸ் சேர்த்து 2,600. பிடித்தது 15,000, கட்ட வேண்டியது 2,600. ரீஃபண்ட் 12,400 ரூபாய்! ஐடிஆர்-1 இதற்கு ஆகாது, ஐடிஆர்-2 போடணும். பழைய முறை வேண்டும் என்றால் கடைசித் தேதிக்குள், அதாவது ஜூலை 31-க்குள் தாக்கல் செய்தே ஆகணும். ஒரு நாள் தாண்டினாலும் புதிய முறைதான், ரீஃபண்டும் போச்சு.

அவரிடம் இதைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. அப்புறம் 26ஏஎஸ்-ஐத் திறந்தேன். டிடிஎஸ் பொண்ணு பேரில் இல்லை. நிகழ்ச்சிக்காரர்கள் பான் கேட்டபோது அவர் தன்னுடைய பான் எண்ணைக் கொடுத்திருக்கிறார். பொண்ணுக்குப் பான் கார்டே கிடையாது. இந்தத் தப்பை நான் வருஷத்துக்கு நாலு தடவையாவது பார்க்கிறேன். பிள்ளையைப் போட்டிக்கு அனுப்புகிறவர்கள் தம்புராவுக்கு முன்னாடி பான் கார்டு வாங்குங்கள் என்று பாதி விளையாட்டாகச் சொல்வேன். மைனருக்கும் பான் கிடைக்கும், ஆதார் இருந்தால் பெரிய வேலை இல்லை.

இன்னொன்று கேட்டார். "வந்த பணத்தை அவ பேர்லயே எஃப்டி போட்டுடட்டுமா?" போடலாம். ஆனால் பரிசு பிள்ளையின் வருமானம் என்றாலும், அந்த எஃப்டி வட்டி திறமையால் வந்தது இல்லை. அது பெற்றோரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேரும், ஒரு பிள்ளைக்கு வருஷம் 1,500 ரூபாய் கழிவு பழைய முறையில் மட்டும். இவர் வீட்டில் யாருக்கு அதிகம்? விளைச்சல் நல்லா இருந்த வருஷம் இவருக்குத்தான். ஆனால் விவசாய வருமானத்துக்கு வரிவிலக்கு இருப்பதால் சட்டத்தின் கண்ணுக்கு இவருடைய மொத்த வருமானம் பூஜ்யம். அம்மா பள்ளிக்கூட டீச்சர். அதனால் வட்டி அம்மா கணக்கில்தான் போகும். "அப்போ நான் சம்பாதிக்கலன்னு கவர்மென்ட்டே சொல்லுதா?" என்று சிரித்தார்.

இப்போ பெரிய கேள்விக்கு வருவோம். பரிசைத் துரத்துவதா, உதவித்தொகையைத் தேடுவதா? என் பதில் உதவித்தொகை. தொகை சின்னதுதான், ஆனால் வருஷா வருஷம் வரும்.

மத்திய அரசின் சிசிஆர்டி நிறுவனம் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குக் கலைத்திறன் உதவித்தொகை தருகிறது. வருஷத்துக்கு 3,600 ரூபாய், அதோடு குருவுக்குக் கட்டுகிற பீஸில் 9,000 வரை. சேர்த்தால் 12,600. கல்லூரி முதல் பட்டம் வரை புதுப்பிக்கலாம். 12 வயசில் கிடைத்து 20 வரை ஓடினால் ஒரு லட்சத்தைத் தாண்டும், வரி பூஜ்யம். திட்டத்தின் 650 இடங்களில் 125 இடம் பரம்பரைக் கலைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு. நாதஸ்வர, தவில் குடும்பங்கள் இருக்கிற நம்ம பக்கத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பாட்டு மட்டும் இல்லை, நாடகக் கலைக்கும் உண்டு. பாகவத மேளா நடக்கிற மெலட்டூரும் நம்ம பாபநாசம் தாலுகாதானே.

18-லிருந்து 25 வயசுக்காரர்களுக்குக் கலாச்சார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை இருக்கு. மாசம் 5,000 வீதம் இரண்டு வருஷம், ஆறு மாசத்துக்கு ஒரு தவணையாக 30,000. மொத்தம் 1,20,000. குருவிடம் குறைந்தது ஐந்து வருஷம் பயிற்சி எடுத்திருக்கணும். நாடகம், நாட்டுப்புறக் கலை எல்லாம் இதில் வரும். நடிப்பு ஆசை உள்ள பிள்ளைக்கு டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் இடம் கிடைத்தால் மாதாமாதம் உதவித்தொகையோடு மூன்று வருஷப் படிப்பு. பாட்டா நடிப்பா என்று குழம்புகிற பிள்ளைகளுக்கு ஒரு தகவல்: நம்ம ஊர்ப் பேரோடு வாழ்ந்த பாபநாசம் சிவன் இரண்டையும் செய்தவர். 1939-ல் வந்த தியாகபூமியில் சம்பு சாஸ்திரியாக நடித்தார், 1971-ல் சங்கீத கலாநிதி ஆனார்.

மாவட்ட அளவில் 18 வயசுக்குள் இருக்கிறவர்களுக்குத் தமிழக அரசு 'கலை இளமணி' விருது கொடுக்கிறது. பொது நலன் கருதி அரசே ஏற்படுத்தின விருது என்றால் பிரிவு 10(17ஏ)-ல் விலக்கு கேட்கலாம்.

எதில் பணம் வந்தாலும் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். "கல்விக்கான உதவித்தொகை" என்று எழுதியிருக்கிறதா, "முதல் பரிசு" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்தாலும், கொடுப்பது மேற்கொண்டு படிக்க என்று திட்டத்திலேயே இருந்தால் அது உதவித்தொகை. போட்டி நடத்துகிற சபாக்காரர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் கொடுப்பது உண்மையிலேயே பயிற்சிக்காக என்றால், அதை விதிமுறையிலேயே எழுதுங்கள். பின்னாடி ஆடிட்டரைக் கூப்பிட்டு பரிசை உதவித்தொகையாக மாற்றி எழுதித் தரச் சொல்லாதீர்கள், நான் எழுதித் தர மாட்டேன்.

அந்த அப்பா விஷயம் இன்னும் முடியலை. பொண்ணுக்குப் பான் கார்டு வந்துவிட்டது. டிடிஎஸ்-ஐ அவள் எண்ணுக்கு மாற்றித் திருத்த அறிக்கை போடச் சொல்லி நிகழ்ச்சி நடத்தினவர்களுக்கு மூன்று மெயில் அனுப்பியிருக்கிறோம். ஒன்றுக்குத்தான் பதில் வந்திருக்கு, "பரிசீலனையில் உள்ளது" என்று. ஜூலை 31-க்கு இன்னும் நாள் இருக்கு. அடுத்த திங்கட்கிழமை போன் போட்டுப் பேசப்போகிறேன்.