மடிக்கணினியின் மின்கலம் நீடு வாழ

நம் சங்கத்து நண்பர்களுள் மடிக்கணினி வைத்திராதவர் இன்று அரியர். பாடக் குறிப்பு அதில் இருக்கிறது. ஆய்வேட்டின் படி அதில் இருக்கிறது. ஊரிலுள்ள அன்னையின் முகத்தை மாலையில் காண்பதும் அதிலேதான். சிலருக்கு அது தந்தை கடன் வாங்கி அனுப்பிய பொருள். சிலருக்கு, 2011ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தின்படி தமிழக அரசு விலையின்றி அளித்த பொருள். வேறு சிலருக்கோ உதவித்தொகையில் மாதந்தோறும் மிச்சம் பிடித்து வாங்கிய பொருள். எவ்வாறு வந்ததாயினும், அதன் உறுப்புகளுள் முதலில் மூப்படைவது பெரும்பாலும் மின்கலமே. வாங்கிய புதிதில் ஆறு மணி நேரம் உழைத்தது, மூன்றாம் ஆண்டில் இரண்டு மணி நேரத்திற்குள் களைத்துவிடுகிறது. பிறகு நூலகத்திலும் வகுப்பறையிலும் நாம் தேடுவது நல்ல இருக்கையை அன்று, சுவரோரத்து மின்துளையைத்தான். புதிய மின்கலம் வாங்கலாமென்றால், அதற்குச் சில ஆயிரம் ரூபாய் வேண்டும். நம்மில் பலருக்கு அஃது எளிய தொகையன்று.

மின்கலம் தேய்வது இயற்கை. ஆனால் எவ்வளவு விரைவில் தேய்கிறது என்பதில் நமக்கும் பங்கு உண்டு. இதைப்பற்றி விடுதிகளில் வழங்கும் அறிவுரைகள் பல. அவற்றுள் சில, பழைய வகை மின்கலங்களுக்குப் பொருந்தியவை. இன்றைய மின்கலத்துக்குத் தீங்கு செய்பவை. ஆதலின், இதைச் செய்க, இதைச் செய்யற்க என்று பட்டியல் இடுவதோடு நில்லாமல், ஏன் என்பதையும் வேதியியல் மாணவன் என்ற முறையில் விளக்க முயல்கிறேன். காரணம் விளங்கிவிட்டால் விதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை அல்லவா?

குடமும் நீரும்

மின்கலம் நீடித்து உழைக்க வேண்டும் என்று கூறும்போது இரு வேறு கருத்துகளை நாம் கலந்துவிடுகிறோம். ஒருமுறை மின்னேற்றினால் எத்தனை மணி நேரம் ஓடும் என்பது ஒன்று. மின்கலம் எத்தனை ஆண்டு நல்ல நிலையில் இருக்கும் என்பது மற்றொன்று. குடத்து நீரைச் சிக்கனமாகச் செலவிடுவது வேறு. குடமே சுருங்கிப் போகாமல் காப்பது வேறு. முன்னதைப் பலரும் அறிவர். பின்னதை அறிந்தவர் சிலரே. ஆகவே குடத்தைப்பற்றி முதலில் காண்போம்.

உள்ளே நடப்பது என்ன?

இன்றைய மடிக்கணினிகளில் இருப்பது லிதியம் அயனி மின்கலம். அதன் ஒரு முனையில் கிராஃபைட் என்னும் கரி உண்டு. மறு முனையில் கோபால்ட்டு, நிக்கல், மாங்கனீசு போன்ற உலோகங்களின் ஆக்சைடு உண்டு. இவை ஏடு ஏடாக அடுக்கினாற்போன்ற அமைப்புடையவை. சிறுவயதில் புத்தகத்தின் ஏடுகளுக்கிடையே மயிலிறகை வைத்தோமே, அதுபோல லிதியம் அயனிகள் அந்த ஏடுகளுக்கிடையே தங்குகின்றன. மின்னேற்றும்போது அவை ஆக்சைடை விட்டுக் கிளம்பி, இடையிலுள்ள மின்பகு நீர்மத்தைக் கடந்து, கரியில் குடிபுகுகின்றன. நாம் பயன்படுத்தும்போது கரியை விட்டுத் திரும்பி வருகின்றன. அவ்வேளையில் எலக்ட்ரான்கள் வெளிச்சுற்றின் வழியாகச் சென்று கணினியை இயக்குகின்றன.

இந்த எளிய போக்குவரத்தை அமைத்துத் தருவதற்கு அறிஞர் பலர் பல்லாண்டு உழைத்தனர். 1970களில் விட்டிங்காம் இத்துறையில் வழி திறந்தார். 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் குடினஃபும் அவர் குழுவினரும் கோபால்ட்டு ஆக்சைடின் பயனைக் கண்டனர். 1985இல் ஜப்பானியரான யோஷினோ, ஆபத்தான லிதிய உலோகத்தை நீக்கிவிட்டுக் கரிப்பொருளை அமைத்தார். 1991இல் சோனி நிறுவனம் இம்மின்கலத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அப்போது 97 வயதை எட்டியிருந்த குடினஃபின் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை நிகழ்த்தியவர் யார் தெரியுமா? மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் பயின்று, டெக்சாஸ் பல்கலைக் கழகத்தில் பேராசிரியராய் விளங்கும் தமிழர் ஆறுமுகம் மந்திரம் அவர்கள்!

இனி, குடம் சுருங்குவது எப்படி என்று பார்ப்போம். மின்கலத்தை முதன்முதல் மின்னேற்றும்போதே, மின்பகு நீர்மம் சிறிது சிதைந்து கரியின்மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. இப்படலம் ஒரு காவல். மேலும் சிதையாதவாறு அது தடுக்கிறது. ஆனால் அது ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தடித்துக்கொண்டே வருகிறது. தடிக்குந்தோறும் சிறிதளவு லிதியத்தைச் சிறைப்பிடித்துக்கொள்கிறது. சிறைப்பட்ட லிதியம் மீண்டும் பயணம் செய்வதில்லை. பயணிகள் குறையக் குறைய மின்கலத்தின் கொள்ளளவும் குறைகிறது. இந்தத் தேய்வை விரைவுபடுத்தும் பகைகள் மூன்று.

மூன்று பகைகள்

முதற் பகை வெப்பம். வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது வேதியியலார் வழங்கும் ஒரு கணக்கு. மின்கலத்துக்குள் நிகழும் வேண்டாத வினைகளுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும். மே, ஜூன் திங்களில் டில்லியின் வெயில் 45 பாகையைத் தொடுவது நாம் அறிந்ததே. அந்நாளில் விடுதி அறையில், மெத்தையின்மேல், காற்றுத் துளைகள் அடைபட்ட நிலையில் ஓடும் கணினியின் உள்ளே எவ்வளவு சூடு இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். குளிர்காலத்திலும் நாம் சும்மா இருப்பதில்லை. ரஜாய்க்குள் கணினியை வைத்துக்கொண்டு படம் பார்க்கிறோம்!

இரண்டாம் பகை நிறைவு. முழுதும் மின்னேறிய நிலையில் மின்கலத்தின் ஒவ்வோர் அறையும் பெரும்பாலும் 4.2 வோல்ட் அழுத்தத்தில் நிற்கிறது. அந்த உயர்ந்த அழுத்தத்தில் ஆக்சைடு முனை மின்பகு நீர்மத்தைத் தாக்குகிறது. மின்கம்பியைச் செருகியே வைத்தால் மின்சாரம் மேலும் மேலும் ஏறி மின்கலம் வெடிக்கும் என்று சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் தேவையில்லை. நிறைந்தவுடன் உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று மின்னேற்றத்தை நிறுத்திவிடும். தீங்கு மிகைமின்னேற்றத்தால் அன்று. நாட்கணக்கில் நிறைந்தே நிற்பதால்தான்.

இவ்விரு பகையும் சேர்ந்தால் என்ன ஆகும்? இத்துறையில் பலரும் எடுத்தாளும் கணக்கு ஒன்று உண்டு. 25 பாகை வெப்பத்தில், நூற்றுக்கு 40 பங்கு மின்னேற்றத்துடன் ஓராண்டு சும்மா கிடந்த மின்கலம், தன் கொள்ளளவில் ஏறத்தாழ 96 விழுக்காட்டைக் காத்துக்கொள்ளும். 40 பாகையில், முழு மின்னேற்றத்துடன் கிடந்ததோ ஏறத்தாழ 65 விழுக்காட்டையே காத்துக்கொள்ளும். இரண்டும் ஒருநாள்கூடப் பயன்படுத்தப்படாதவை என்பதை மறவாதீர்கள்.

மூன்றாம் பகை வறுமை, அதாவது அடியோடு காலியாதல். கணினி அணைந்தபின்னும் மின்கலத்தில் சிறிது மின்சாரம் எஞ்சியிருக்கும். அந்நிலையில் பல வாரம் கிடந்தால் அதுவும் கசிந்துவிடும். அழுத்தம் மிகவும் தாழ்ந்தால் உள்ளிருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு அம்மின்கலத்தை மீட்பது அரிது, மீட்டாலும் பாதுகாப்பன்று.

பழைய அறிவுரை

முழுதும் தீரவிட்டுப் பிறகு முழுதும் ஏற்று என்று அண்ணன்மார் சிலர் இன்றும் கூறுவர். இஃது எங்கிருந்து வந்தது? 1899இல் சுவீடன் நாட்டு யுங்னர் கண்ட நிக்கல் காட்மியம் மின்கலத்துக்கு ஒரு குணம் உண்டு. பாதியில் நிறுத்தி நிறுத்தி ஒரே அளவில் ஏற்றிவந்தால், அந்தப் பாதியையே தன் எல்லையாக அது நினைவில் கொண்டுவிடும் என்பர். அதற்கு மருந்தாகச் சொன்னதே இவ்வறிவுரை. லிதியம் அயனி மின்கலத்துக்கு அந்நோய் இல்லை. எனவே அம்மருந்தும் வேண்டாம்.

மின்னேற்றச் சுற்று என்பதிலும் ஒரு மயக்கம் உண்டு. கம்பியைச் செருகும் ஒவ்வொரு தடவையும் ஒரு சுற்று அன்று. மொத்தம் நூறு விழுக்காடு செலவானால்தான் ஒரு சுற்று. இன்று 50, நாளை 50 எனச் செலவிட்டால் இரு நாளைக்கு ஒரு சுற்றே ஆகும். மடிக்கணினி மின்கலங்கள் பொதுவாக 300 முதல் 500 சுற்றுகளில் எண்பது விழுக்காட்டுக்கு இறங்கும். 1,000 சுற்றுக்கென அமைத்தவையும் உண்டு. சிறிது சிறிதாக இறக்கிச் சிறிது சிறிதாக ஏற்றினால் தேய்வு இன்னும் குறையும்.

நாம் செய்யத்தக்கவை

மேற்கூறிய மூன்று பகையையும் மனத்தில் கொண்டால் வழி தானே புலப்படும். அன்றாடப் பயனில் மின்னேற்றத்தை 20க்கும் 80க்கும் இடையே வைத்துக்கொள்வது நலம். மேசையில் எந்நேரமும் கம்பியுடன் வேலை செய்பவர்கள், 80 அல்லது 60 விழுக்காட்டில் மின்னேற்றத்தை நிறுத்தும் வசதி தம் கணினியில் உண்டா என்று பார்க்க வேண்டும். இன்று பல நிறுவனங்களின் கணினிகளில் இவ்வசதி இருக்கிறது. அமைப்புப் பகுதியில் ஒருமுறை குறித்துவிட்டால் போதும். மெத்தைக்கு மாறாக மேசையையோ ஒரு பலகையையோ பயன்படுத்துக. காற்றுத் துளையில் படியும் தூசியை அவ்வப்போது நீக்குக. வெயிலில் நிற்கும் வண்டியில் கணினியை விட்டுச் செல்லற்க.

கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும்போது சிலர் கணினியை அறையிலேயே பூட்டிச் செல்கின்றனர். அவர்கள் அதைப் பாதியளவு மின்னேற்றி, உறங்கும் நிலையில் விடாது முற்றிலும் அணைத்து, அறையில் குளிர்ந்த மூலையில் வைப்பார்களாக. முழுதும் ஏற்றியும் வைக்கலாகாது, காலியாகவும் வைக்கலாகாது.

இனி, குடத்து நீரின் சிக்கனம். 50 வாட்-மணி கொள்ளும் மின்கலம், 10 வாட் உண்ணும் கணினியை 5 மணி நேரம் ஓட்டும். அதே கணினி 8 வாட் உண்ணுமாயின் 6 மணி 15 நிமிடம் ஓடும். இந்த 2 வாட்டை எங்கே மிச்சம் பிடிப்பது? திரையின் ஒளியே பெருந்தீனிக்காரன். அதை முதலில் குறைக்க வேண்டும். உலாவியில் திறந்து வைத்து மறந்துபோன பக்கங்கள், பின்னணியில் ஓடும் நிரல்கள், விசைப்பலகை விளக்கு, செருகியே கிடக்கும் வெளிவட்டு ஆகியன அடுத்தவை. மின்சேமிப்பு முறையை இயக்கினால் இவற்றுட் பலவற்றைக் கணினியே பார்த்துக்கொள்ளும்.

நோய் அறிதல்

உங்கள் மின்கலம் எந்நிலையில் உள்ளது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. விண்டோஸ் கணினியில் மின்கல அறிக்கை ஒன்றைப் பெறலாம். செய்யப்பட்டபோது இருந்த கொள்ளளவு, இன்று நிறையும் கொள்ளளவு ஆகிய இரண்டும் அதில் இருக்கும். 50க்கு 40 என இருந்தால் எண்பது விழுக்காடு எஞ்சியுள்ளது என்று பொருள். மற்றக் கணினிகளிலும் இத்தகைய கணக்கைக் காண வழி உண்டு. 30 விழுக்காடு எனக் காட்டிவிட்டுத் திடீரென அணையுமானால், அளக்கும் கருவி கணக்குத் தப்பியிருக்கலாம். அதைத் திருத்த எப்போதாவது ஒருமுறை முழுதும் இறக்கி ஏற்றலாம். அது கணக்கைத் திருத்துமேயன்றிக் கலத்தை வளர்க்காது.

ஒன்றில் மட்டும் சிக்கனம் கூடாது. தொடுபலகை மேலெழுந்தாலோ, கணினியின் அடிப்பகுதி புடைத்தாலோ, உள்ளே வாயு திரண்டு மின்கலம் வீங்கியிருக்கிறது என்று அறிக. உடனே பயன்பாட்டை நிறுத்த வேண்டும். அழுத்துவதும் குத்துவதும் தீயை வரவழைப்பதாகும். தேர்ச்சி பெற்றவரிடம் கொடுத்து மாற்றுவதே முறை. பழைய மின்கலத்தைக் குப்பையிலும் எறியலாகாது. அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை, 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர்மீது சுமத்தியுள்ளன.

இறுதியாக ஒன்று. கருவி நமக்காக; கருவிக்காக நாம் அல்லோம். ஆய்வேட்டை மறுநாள் கொடுக்க வேண்டுமென்றால், அல்லது தமிழ்நாடு எக்ஸ்பிரசில் ஒரு பகலும் இரவும் கடந்து ஊர் செல்ல வேண்டுமென்றால், நூறு விழுக்காடும் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒருநாள் நிறைவால் கேடில்லை. நாள்தோறும் சூட்டிலும் நிறைவிலும் கிடப்பதே கேடு. மற்ற நாட்களில் மின்கலத்தைக் குளிர்ச்சியாகவும் நடுவளவிலும் வைத்திருந்தால் போதும். இரண்டாண்டில் ஓயக்கூடியது நான்காண்டு உழைக்கும். பட்டம் பெறும்வரை ஒரே கணினி துணை நிற்குமாயின், வீட்டிற்கு நாம் எழுதும் பணக் கடிதங்களில் ஒன்றேனும் குறையும்.