வீட்டு வாசலுக்கு வரும் கம்பி யாருடையது?

சென்ற மாதம் நமது சங்கக் கூட்டம் முடிந்து படியிறங்கும்போது உறுப்பினர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, எங்கள் சந்துக்கு மூன்று பேர் வந்து பிராட்பேண்ட் தருகிறோம் என்கிறார்கள். ஒருவர் விலை குறைவு என்கிறார், இன்னொருவர் வேகம் அதிகம் என்கிறார். யாரை நம்புவது?" என்றார். அவருடைய மகள் ஷார்ஜாவில் இருக்கிறாள். பேரனின் முகத்தைத் தினமும் திரையில்தான் பார்க்கிறார். படம் நடுவில் நின்றுவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. மட்டாஞ்சேரியில் பல வருஷம் தொலைபேசிக் கம்பி வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் கேட்டார். அவருக்குச் சொன்னது மற்ற குடும்பங்களுக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

இன்டர்நெட் ஆகாயத்திலிருந்து வருகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் கடலுக்கு அடியில் கிடக்கும் கண்ணாடி இழைகள் வழியாகத்தான் பெரும்பாலும் நாடு விட்டு நாடு வருகிறது. தென்னாப்பிரிக்காவையும் மலேசியாவையும் இணைத்து 2002இல் பயன்பாட்டுக்கு வந்த சேஃப் என்ற கேபிள், இந்தியாவில் கரையேறும் இடம் நம் கொச்சிதான். 2024 ஜனவரியில் இங்கிருந்து லட்சத்தீவுக்கும் ஒரு கேபிள் தொடங்கிவைக்கப்பட்டது. அப்படியிருக்க, ஒரு படம் திறப்பதற்கு நாம் ஏன் இத்தனை காலம் காத்துக் கிடந்தோம்?

காரணம், தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் கடைசித் துண்டு. 2004ஆம் ஆண்டின் மத்திய அரசுக் கொள்கை, வினாடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே பிராட்பேண்ட் என்றது. (2023இல் அது 2 மெகாபிட் ஆக்கப்பட்டது.) 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். பழைய தொலைபேசிக் கம்பியிலேயே அந்தச் சேவையைத் தொடங்கியது. தாமிரக் கம்பியில், எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு தள்ளிப் போகப் போக வேகம் குறையும். போதாததற்கு நம் மட்டாஞ்சேரி மண். தோண்டினால் உப்புத் தண்ணீர். கர்க்கடக மழையில் இடுப்பளவுக் குழியில் நின்று, பச்சை பூத்த இணைப்புகளைப் பிரித்துக் கட்டியவன் நான்.

அந்தக் கம்பியை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்த வழி செய்யலாம் என்று ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2004இல் பரிந்துரைத்தது. அரசு அதைக் கட்டாயமாக்கவில்லை. ஆகவே போட்டிக்கு வருகிறவர் சொந்தக் கம்பி இழுத்தாக வேண்டும். கேரளத்தில் அது யாரிடம் இருந்தது? வீடு வீடாக டி.வி. இணைப்புக் கொடுத்து மாதாமாதம் பணம் வாங்க வந்த கேபிள்காரரிடம்! சிறு கேபிள்காரர்கள் ஒன்றுகூடிக் கேரளா விஷன் என்ற பெயரில் இறங்கினார்கள். டிராய் 2024இல் வெளியிட்ட கம்பிவழிப் பிராட்பேண்ட் பட்டியல்களில் ஜியோ, ஏர்டெல், பி.எஸ்.என்.எல். போன்ற பெரிய நிறுவனங்களோடு இவர்களும் முதல் ஐந்து இடங்களுக்குள் இருந்தார்கள். தெருக் கேபிள்காரர் என்று நாம் இளக்காரமாகப் பேசியவர்கள்தான்.

2023 ஜூன் 5 அன்று மாநில அரசின் கே-ஃபோன் தொடங்கியது. மின்வாரியக் கம்பங்கள் வழியே இழை போகிறது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம் என்பது இலக்கு. அதிலும் வீட்டுக்கு இணைப்பைக் கொண்டுவருகிற வேலை பல இடங்களில் அதே கேபிள்காரர் கையில்தான்.

கைப்பேசியில் நடந்தது வேறு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் விலை சரிந்தது; விலைப் போரும் கடனும் சேர்ந்து பல நிறுவனங்கள் மறைந்தன. தமிழ்நாட்டில் செல்வாக்கோடு இருந்த ஏர்செல் 2018இல் திவால் மனுக் கொடுத்தது. ஊரில் நம் உறவினர்கள் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற அலைந்தது நினைவிருக்கும். மிஞ்சிய மூன்று தனியார் நிறுவனங்களும் 2024 ஜூலையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டணத்தை உயர்த்தின. நம் சந்துக்கு இன்று மூன்று பேர் வருகிறார்கள் என்றால் அது நமக்கு நல்ல காலம்தான்.

நண்பரிடம் சொன்னேன்: வாசலுக்கு வருவது கண்ணாடி இழையா, பழைய கம்பியா என்று முதலில் கேளுங்கள். உப்புத் தண்ணீர் தாமிரத்தை அரிப்பதுபோல் இழையை அரிக்காது. நூறு என்று அவர்கள் சொல்வது மெகாபிட். எட்டால் வகுத்தால்தான் மெகாபைட் வரும். பேரனைப் பார்க்கப் பத்தே தாராளம். விளம்பர விலைமேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டா என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இணைப்பு அறுந்தால் ஏணியோடு வருகிறவர் யார், எத்தனை நாளில் வருகிறார் என்று அடுத்த வீட்டில் விசாரியுங்கள்.

அவர் தெருக் கேபிள்காரரிடமே எடுத்திருக்கிறார். வேறு யாருக்கேனும் சந்தேகம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மாலை சங்க அலுவலகத்தில் என்னைப் பார்க்கலாம். வரும்போது பழைய பில்லையும் எடுத்து வாருங்கள்.