வெளுத்ததெல்லாம் மாவுப்பூச்சி அல்ல

கோவையில் எங்கள் தெருவில் மாடித்தோட்டம் போட்டிருப்பவர்கள் ஐந்து வீட்டார். மாலையில் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் கைப்பிடிச் சுவருக்கு மேலாக நடக்கும் பேச்சில் பாதி விளைச்சல், மீதி வியாதி. யார் வீட்டுச் சுரை பிஞ்சிலேயே வெம்பியது, யார் வீட்டுக் கத்தரியில் புழு, கொத்தமல்லி ஏன் முளைக்கவே மாட்டேன் என்கிறது என்று போகும். மாசி பிறந்து வெயில் ஏறியதும் பேச்சு ஒரே இடத்தில் வந்து நின்றுவிடும்.

"ஏனுங்க்கா, செம்பருத்தி பூராவும் வெள்ளையா அப்பிக்கிச்சுங்க. என்ன அடிக்கிறதுங்க?"

பதில் அடுத்த மாடியிலிருந்து வரும். வேப்பெண்ணெய், இஞ்சி பூண்டுக் கரைசல், புளித்த மோர், பழைய கஞ்சித்தண்ணீர். ஆளுக்கொரு மருந்து. என்ன பூச்சி என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி, அவ்வளவுதான்.

நானும் அப்படி அடித்த ஆள்தான். ஒரு கோடையில் பழைய பல் துலக்கும் பிரஷைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்து, செம்பருத்திக் கிளைகளைக் கணுக்கணுவாகத் தேய்த்தேன். அப்பியிருந்த கூட்டத்துக்கு நடுவே கொஞ்சம் பெரிதாக, சடை சடையாக ஒன்று இருந்தது. பிரஷ் பட்டதும் மற்றவை கிடந்த இடத்திலேயே கிடக்க, அது மட்டும் விறுவிறுவென்று தண்டில் ஓடியது. தலைவன் தப்பிக்கிறான் என்று நினைத்து, துரத்திப் பிடித்து அதைத்தான் முதலில் நசுக்கினேன். அது மாவுப்பூச்சியே இல்லை, மாவுப்பூச்சியைத் தின்ன வந்த பொறிவண்டின் புழு என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது.

மாவுப்பூச்சியைப் பத்து ரூபாய் உருப்பெருக்குக் கண்ணாடியில் பார்த்தாலே போதும், 'மாவு' என்ற பெயரின் பொருத்தம் புரியும். மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளத்தில் முட்டை வடிவ உடம்பு. அதன்மேல் கோதுமை மாவைச் சலித்துத் தூவியது போல ஒரு பூச்சு. ஓரம் முழுக்கக் குட்டையான வெள்ளை இழைகள். அந்த மாவு மெழுகு. பூச்சி தன் உடம்பிலிருந்தே சுரந்துகொள்வது. நாம் தெளிக்கும் வெறும் தண்ணீர் சேம்பு இலையில் விழுந்த துளிபோல அதன்மேல் உருண்டு ஓடிவிடுவதற்குக் காரணம் இதுதான்.

நாம் பார்ப்பவை பெரும்பாலும் பெண்கள். இறக்கை கிடையாது, வளர்ந்த பிறகும் பெரிய குஞ்சு மாதிரியேதான் இருக்கும். ஆண் வேறு பிறவி. மெல்லிய உடம்பு, ஒரு ஜோடி இறக்கை, கொசுவின் தம்பி என்று சொல்லலாம். வளர்ந்த ஆணுக்குச் சாப்பிட வாயே கிடையாது. சில நாட்கள் பறந்து, பெண்ணைத் தேடிக் கூடிவிட்டுச் செத்துப்போகும். பெண் பஞ்சுப் பை ஒன்றைப் பின்னி அதற்குள் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். பொரித்து வரும் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. ஊர்ந்து போகும், காற்றில் பறந்து போகும், நம் சேலைத் தலைப்பில் ஒட்டிக்கொண்டு அடுத்த தொட்டிக்கும் போகும். நல்ல வெயில் காலத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயார். மழை அடித்துக் கழுவிவிடும் மாதங்களில் குறைவதும், வறண்ட மாதங்களில் பெருகுவதும் அதனால்தான்.

இனி அதன் சாப்பாடு. ஊசிபோன்ற வாயைத் தண்டுக்குள் செருகி, இலையில் தயாராகிச் செடி முழுக்க ஓடும் சாற்றை உறிஞ்சுகிறது. அந்தச் சாற்றில் சர்க்கரை அபரிமிதம். உடம்பு வளரத் தேவையான புரதச் சரக்கு சொற்பம். தேவையானது கிடைக்கும்வரை உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும், மிஞ்சிய சர்க்கரையைப் பின்வழியாக வெளியேற்ற வேண்டும். இலைகளில் பிசுபிசுவென்று ஒட்டுவது அந்தக் கழிவுதான். அதன்மேல் ஒரு பூசணம் வளர்ந்து இலையைக் கரிபிடித்த தோசைக்கல் மாதிரி ஆக்கிவிடும். இலை கறுத்துவிட்டதே என்று தனி மருந்து தேடுபவர்கள் உண்டு. பூச்சி போனால் கரியும் போய்விடும்.

வெறும் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்து ஓர் உயிர் எப்படி வாழ்கிறது? இதற்கான விடை எனக்கு இன்னும் வியப்பு அடங்காத ஒன்று. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் பாக்டீரியா குடியிருந்து, உணவில் கிடைக்காத அமினோ அமிலங்களைச் செய்து கொடுக்கிறது. இதுபோன்ற ஏற்பாடு வேறு பூச்சிகளிலும் உண்டு. ஆனால் எலுமிச்சை வகைகளைத் தாக்கும் மாவுப்பூச்சியில், அந்தப் பாக்டீரியாவுக்குள்ளேயே இன்னொரு வகைப் பாக்டீரியா குடியிருப்பதை 2001-இல் கண்டுபிடித்தார்கள். மூன்று பேரும் சேர்ந்துதான் சமையலை முடிக்கிறார்கள். ஒருவரிடம் உப்பு, ஒருவரிடம் புளி, ஒருவரிடம் அடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை கொட்டும் இடத்துக்கு எறும்பு வராமல் இருக்குமா? செம்பருத்தித் தண்டில் எறும்புச் சாரை ஏறி இறங்குவதைப் பார்த்து, "எறும்பு பூச்சியைத் தின்னுது, நல்லதுதான்" என்று விட்டுவிடுவோம். எறும்பு அங்கே வேட்டைக்குப் போகவில்லை, பால் கறக்கப் போகிறது. மாட்டைக் காப்பது போல மாவுப்பூச்சியைக் காக்கிறது; தின்ன வரும் பொறிவண்டையும் குளவியையும் கடித்து விரட்டுகிறது. சில வகை எறும்புகள் பூச்சியைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதுத் தளிரில் மேயவும் விடும். என் அனுபவத்தில், எறும்பை நிறுத்தாமல் மாவுப்பூச்சியோடு மல்லுக்கட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

மாடித்தோட்டத்துச் சண்டை சின்னது. இதே பூச்சிக் குடும்பம் தமிழ்நாட்டையே ஒருமுறை கலங்க வைத்தது. மெக்சிகோவைப் பூர்விகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் இங்கே கோவையில்தான் முதலில் கண்டறியப்பட்டது. பப்பாளி மரங்களில் இலை, தண்டு, காய் எல்லாம் வெண்பஞ்சு மூடியது. பப்பாளியோடு நிற்கவில்லை. மரவள்ளி, பருத்தி, மல்பெரி, கத்தரி, கொய்யா, செம்பருத்தி என்று கிடைத்ததில் எல்லாம் ஏறியது. விவசாயிகள் மருந்தடித்தார்கள். மெழுகுக்கு அடியில் இருந்த பூச்சி பிழைத்தது, அதைத் தின்ன வந்தவை செத்தன. மல்பெரிக்காரர்கள் பாடு இன்னும் மோசம். நஞ்சு அடித்த இலையைப் பட்டுப்புழுவுக்குப் போட முடியாது, அடிக்காமல் விட்டால் இலையே இல்லை.

சொந்த ஊரில் இந்தப் பூச்சி இவ்வளவு ஆட்டம் போடுவதில்லை. அங்கே அதை அடக்க ஆள் இருக்கிறது. அந்த ஆளை அழைத்து வருவது என்று முடிவாகி, 2010-இல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குட்டிக் குளவிகள் பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனத்துக்கு வந்தன. அங்கே வளர்த்துப் பார்த்துவிட்டுத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். பல்கலைக்கழகம் பெருக்கி மாவட்டங்களுக்கு அனுப்பியது. மூன்றில் பேர் வாங்கியது அசிரோஃபேகஸ் பப்பாயே. குளவி என்றதும் கொட்டும் என்று பயப்பட வேண்டாம். ஒரு மில்லிமீட்டர்கூட இராது, அதற்கு மனிதர்கள் இருப்பதே தெரியாது. மாவுப்பூச்சிக் குஞ்சின் உடம்பைக் குத்தி உள்ளே ஒரு முட்டை வைக்கும். பொரித்த புழு உள்ளிருந்தே தின்னும். பூச்சி உப்பி, விறைத்து, பழுப்பாகிக் கூடாகிவிடும். கூட்டில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு அடுத்த குளவி வெளியே வரும். மருந்தால் முடியாததை இது முடித்தது. பப்பாளியும் மல்பெரியும் மீண்டன.

அதே கதை மறுபடியும் நடந்தது. மரவள்ளியை முக்கியமாகக் குறிவைக்கும் இன்னொரு மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தில் தென்பட்டு, சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளிக் காடுகளுக்கும் வந்தது. எண்பதுகளில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியை அழித்த அதே பூச்சி. அங்கே அதை அடக்கியது தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுபோன அனகைரஸ் லோபெசி என்ற குளவி. அந்த வேலைக்காக ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அந்தக் குளவியைத்தான் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் பறக்கவிட்டார்கள்.

நான் நசுக்கிய பொறிவண்டுக்கு வருகிறேன். கிரிப்டோலீமஸ் என்று பெயர். ஆஸ்திரேலியாக்காரன். 1898-இல் காப்பிச் செடியின் பச்சைச் செதில் பூச்சியை ஒழிக்க இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வந்த வேலையில் பெரிதாகச் சாதிக்கவில்லை, மாவுப்பூச்சியில் பேர் வாங்கியது. இன்று இதை வளர்த்து விற்கும் கூடங்கள் உண்டு. வளர்க்கும் முறை எந்தச் சமையலறைக்காரருக்கும் பிடிக்கும்: நன்றாக முற்றிய அரசாணிக்காய்களை அடுக்கி, அவற்றின்மேல் மாவுப்பூச்சியை வளரவிட்டு, காய் வெளுத்ததும் வண்டைப் பந்திக்கு விடுகிறார்கள்.

வளர்ந்த வண்டு கறுப்பாக, தலைப்பக்கமும் பின்நுனியும் செம்மஞ்சளாக இருக்கும். அதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. அதன் புழுவில்தான் ஏமாறுகிறோம். மாவுப்பூச்சி போலவே வெள்ளை மெழுகைப் போர்த்திக்கொண்டு மந்தைக்குள் நுழைந்து தின்கிறது. எறும்புக் காவலர்களும் பல நேரம் ஏமாறுகின்றன. எறும்பே ஏமாறும்போது நான் எம்மாத்திரம்!

வேறுபாடு கண்டுபிடிக்க ஓர் ஈர்க்குச்சி போதும். மெல்லத் தொடுங்கள். மாவுப்பூச்சி அசையாது, அசைந்தாலும் சோம்பலாக நகரும். பொறிவண்டுப் புழு ஓடும். மாவுப்பூச்சி கூட்டமாக, கணுவில் அப்பிக் கிடக்கும். இது தனியே திரியும். வளர்ந்துவிட்டால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளும், மாவுப்பூச்சி அந்த நீளம் வளராது. இழைகளும் எண்ணெய் காணாத சடைபோல நீளமாகத் தொங்கும். குச்சியால் புரட்டினால் அடியில் கெட்டியான கால்கள் உதைத்துக்கொள்வது தெரியும்.

இன்னொரு விருந்தாளியையும் சொல்ல வேண்டும். ஸ்பால்ஜிஸ் எபியஸ் என்ற சிறு பட்டாம்பூச்சியின் புழு இலை தின்பதில்லை, மாவுப்பூச்சி தின்கிறது! முதுகில் அந்த மாவையே பூசிக்கொண்டு இருக்கும். அதன் கூட்டுப்புழுவை நேராகப் பார்த்தால் ஒரு குரங்கு முகம் நம்மை முறைக்கும். கண், மூக்கு எல்லாம் அச்சு அசல். பப்பாளி இலையடியில் தேடிப் பாருங்கள், குழந்தைகளுக்குக் காட்டலாம்.

சரி, என்னதான் செய்வது? புதிதாக நர்சரியிலிருந்து வந்த செடியை இரண்டு வாரம் தள்ளி வையுங்கள். என் வீட்டுக்கு மாவுப்பூச்சி பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வந்திருக்கிறது. எறும்புக்கு, சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைக்கும் நம் அம்மாக்களின் முறையே போதும்: தொட்டி நிற்கும் ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, கிளைகள் சுவரில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கொசு வராமல் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். மோசமான கிளையை வெட்டிச் சோப்புத் தண்ணீர் வாளியில் முக்குங்கள், உரக்குழியில் போடாதீர்கள். மிச்சத்தைக் குழாயால் பீய்ச்சி அடித்தாலே முக்கால்வாசி போய்விடும்.

அதற்கும் மேல் போனால் வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் 5 கிராம் காதி சோப்பைக் கரைத்து, பிறகு 5 மில்லி எண்ணெயைச் சேருங்கள். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் மிதந்துகொண்டே இருக்கும், மெழுகுக்குள் இறங்காது. வெயில் தாழ்ந்த பின் இலையடியில், பூச்சி இருக்கும் இடத்தில் மட்டும் அடியுங்கள். பஞ்சுப் பைக்குள் இருக்கும் முட்டை தப்பிவிடும், ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். வாரம் தவறாமல் எல்லாச் செடிக்கும் "தடுப்புக்காக" அடிக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. இயற்கை மருந்து என்பதற்காக நனைந்த பொறிவண்டுப் புழுவை அது விட்டுவிடாது.

எங்கள் செம்பருத்தியில் இந்த வருடமும் வெள்ளை வந்திருக்கிறது. மேல் கிளையில் இரண்டு சடைப்புழுக்கள் ஓடுகின்றன. அந்தக் கிளையில் ஒரு சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன், வீட்டில் யாரும் பிரஷை எடுத்துக்கொண்டு வந்துவிடக் கூடாது என்று. உங்கள் மாடியிலும் ஸ்பிரேயரைக் கையில் எடுக்கும் முன் ஈர்க்குச்சியால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். ஓடினால் விட்டுவிடுங்கள்.