பேர் பதிந்த அன்றே

இன்று கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி நிற்கும் ஆசாரிபள்ளம் வளாகம் முன்பு காசநோய் ஆஸ்பத்திரி. பத்மநாபபுரத்துக்காரர் ஒருவரை அங்கே சேர்த்தால், நோயின் பெயரை வீட்டார் வெளியில் சொல்ல வேண்டியதே இல்லை. ஊரே புரிந்துகொள்ளும்.

1956இல் சென்னையில் தொடங்கிய ஓர் ஆய்வு அந்த ஆஸ்பத்திரி மதிலைத் தேவையற்றதாக்கியது. வீட்டில் இருந்தபடி மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் படுத்திருந்தவர்களுக்கு இணையாகக் குணமாவதை அது 1959இல் காட்டியது. நோயாளி வீட்டுக்குத் திரும்பினார். அவர் மாத்திரையை விழுங்கினாரா என்று பார்க்க இனி வார்டு நர்ஸ் இல்லை. பதிவேட்டின் முக்கியத்துவம் அங்கேதான் கூடியது.

1997இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தனி மருந்துப் பெட்டி, தனி அட்டை. வாரத்துக்கு மூன்று நாள், பணியாளர் கண்ணெதிரே மாத்திரை. அட்டையில் ஒரு குறி. கடைசிக் கட்டத்தில் முடிவு: குணம், இறப்பு, பாதியில் நிறுத்தம், இடமாற்றம். எல்லையோர ஊர்களில் இந்த 'இடமாற்றம்' பெரிய ஓட்டை. தக்கலையில் பதிந்தவர் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டால், அங்கே மருந்து வாங்கினாரா என்பது படிவம் திரும்பி வந்தால்தான் தெரியும். தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களோ பெரும்பாலும் கணக்கிலேயே இல்லை.

2012இல் காசநோயை அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயமானது. அதே ஆண்டு 'நிக்‌ஷய்' இணையப் பதிவும் வந்தது. ஓர் எண், எந்த மாநிலத்துக்குப் போனாலும் கூடவே வரும். பின்னர் மருந்து தினசரியானது. 2018இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கிய ஊட்டச்சத்து உதவி 2024 நவம்பரில் 1,000 ஆனது. எல்லாம் நல்லதே. ஆனால் கம்ப்யூட்டர் ரகசியம் காத்தாலும், வாசலில் வந்து நிற்கும் சுகாதாரப் பணியாளரின் பைக் காக்காது. முந்திரி ஆலைக்குப் போகும் பெண்ணுக்கு இந்தப் பயம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

என்னைக் கேட்டால், பெரிய மாற்றம் கணினியில் வரவில்லை. 2022இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லா திட்டம்' தந்த ஒற்றைத் தாளில் வந்தது. பழைய பதிவேட்டில் 'இறப்பு' என்பது எல்லாம் முடிந்தபின் எழுதுவது. காசநோய்ச் சாவுகளில் பெரும்பகுதி சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களிலேயே நடப்பதால், அட்டையின் அந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்த்து யாரையும் காப்பாற்ற முடியாது. இந்தத் தாள் முதல் நாளிலேயே கேட்கிறது: உயரத்துக்கேற்ற எடை உண்டா? கால் வீங்கியிருக்கிறதா? நிமிடத்துக்கு 24 முறைக்கு மேல் மூச்சு வாங்குகிறதா? ரத்தத்தில் ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழா? பிடிக்காமல் நிற்க முடிகிறதா? ஆபத்து தெரிந்தால் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பாமல் படுக்கை தர வேண்டும்.

இதற்கு ஸ்கேன் வேண்டாம், நிபுணர் வேண்டாம். அரசு ஆஸ்பத்திரிகளில் தொடங்கிய இந்த முறை, தனியாரிடம் நோய் தெரியவரும் ஒவ்வொருவருக்கும் கிடைக்க வேண்டும். அவர்கள் பெயர் நிக்‌ஷயில் ஏறும் அன்றே அவர்களையும் எடைக்கருவியில் ஏற்ற வேண்டும்.