கடவுள் திதி கொடுக்கும் ராஜா!

மாசி மகத்தன்று திருவண்ணாமலையில் ஓர் அதிசயம் நடக்கும். அண்ணாமலையார் பக்கத்திலுள்ள பள்ளிகொண்டாப்பட்டுக்குப் புறப்பட்டுப் போய், ஆற்றங்கரையில் ஒரு ராஜாவுக்குத் திதி கொடுப்பார். பிள்ளையில்லாத வல்லாள மகாராஜாவுக்குக் கடவுளே பிள்ளையானார் என்பது ஊர்க்கதை. (சரித்திரம் அவருக்கு மகன் உண்டு என்கிறது!)

சரித்திரத்தில் அவர் பெயர் மூன்றாம் வீர வல்லாளன். ஹொய்சள அரசர். அவருடைய தலைநகரம் கர்நாடகத்தில் துவாரசமுத்திரம், இன்றைய ஹளேபீடு. அப்புறம் ஏன் திருவண்ணாமலைக்கு வந்தார்?

அந்தக் காலத்தில் குதிரை இல்லாவிட்டால் படையே இல்லை. நல்ல குதிரைகள் அரேபியா, பாரசீகத்திலிருந்து கப்பலில் வரவேண்டும். பாண்டிய மன்னர் ஆண்டுக்கு 2,000க்கு மேல் வாங்கினார், வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சாது என்று எழுதினார் மார்க்கோ போலோ. குதிரை வளர்க்கும் விதம் இங்கே தெரியாது. தெரிந்த வைத்தியர்களையோ வியாபாரிகள் வரவிடவில்லையாம். குதிரை செத்தால்தானே மறுபடி விற்கலாம்! எவ்வளவு தங்கம் கடல் கடந்து போயிருக்கும், பாருங்கள்.

1311இல் தில்லி தளபதி மாலிக் கபூர் படையெடுத்து வந்தபோது வல்லாளன் ஊரிலேயே இல்லை. பாண்டிய அண்ணன் தம்பிகள் பட்டத்துக்காக அடித்துக்கொள்ள, அதில் லாபம் தேடித் தெற்கே போயிருந்தார். அவசரமாகத் திரும்பியும் பயனில்லை. குதிரைகளையும் யானைகளையும் கொடுத்துப் பணிந்தார். பாண்டிய நாட்டுக்கு வழிகாட்டவும் வேண்டியதாயிற்று.

துவாரசமுத்திரம் பிறகும் தாக்கப்பட்டது. அதனால்தான் திருவண்ணாமலையைத் தலைநகராக்கினார். 1335 வாக்கில் மதுரையிலும் தனி சுல்தான் ஆட்சி வந்தது. வடக்கே ஒரு பயம், தெற்கே ஒரு பயம்!

எண்பது வயதில் வல்லாளன் திருச்சிக்கு அருகே கண்ணனூர்க் கோட்டையை முற்றுகையிட்டார். உள்ளே இருந்தவர்கள் சரணடையும் நிலைக்கு வந்து, சுல்தானைக் கேட்க 14 நாள் தவணை கேட்டார்கள். கொடுத்தார்! செய்தி மதுரைக்குப் போனது, படை வந்தது. மதியத் தூக்க நேரம், குதிரைகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன என்கிறார் பயணி இபன் பதூதா. வல்லாளன் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அது 1342 வாக்கில்.

சில ஆண்டுகளில் ஹொய்சள நாடு புதிய விஜயநகரத்தோடு சேர்ந்தது. விஜயநகரத்துக்கும் அதே குதிரைக் கவலைதான். 1510இல் கோவாவைப் பிடித்த போர்த்துகீசியரிடம் கிருஷ்ணதேவராயர் குதிரை வாங்கினார். 217 அடி ராஜகோபுரத்தைக் கட்டத் தொடங்கியவரும் அவரே.

அதைத் தாண்டி உள்ளே போனால் வல்லாள கோபுரம். அங்கே ராஜாவின் சிலை இருக்கிறது. அடுத்த முறை போகும்போது தேடிப் பாருங்கள்.