பேச்சுப் பயிற்சி: வாய்க்கு முன்னால் காதைப் பாருங்கள்

"ரெண்டு வயசாச்சு, இன்னும் பேச்சு வரலையே" என்று கவலைப்பட்டால் வீட்டுப் பெரியவர்களிடம் பதில் தயாராக இருக்கும். "ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்", "அவங்க அப்பனும் மூணு வயசுலதான் வாயத் திறந்தான்." கூடவே, வசம்பை உரைத்து நாக்கில் தடவவும் சொல்வார்கள். சில பிள்ளைகள் தாமதமாகத் தொடங்கி, தாமாகவே மற்றவர்களை எட்டிப் பிடிப்பதும் உண்மைதான். ஆனால் எந்தப் பிள்ளை எட்டிப் பிடிக்கும், எது பின்தங்கும் என்று இரண்டு வயதில் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. தேவையில்லாத பிள்ளையைப் பயிற்சிக்குக் கூட்டிப் போனால் சில மாத அலைச்சலோடு போயிற்று. தேவைப்படும் பிள்ளைக்குத் தள்ளிப்போட்டால், மொழி வேகமாகப் பதியும் வயது கைநழுவிவிடும்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்பிப் பார்க்க வேண்டும். ஒன்றரை வயதில் சில சொற்களாவது வந்திருக்க வேண்டும். வேண்டியதை விரல் நீட்டிக் காட்ட வேண்டும். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் தா" என இரண்டு சொற்கள் சேர வேண்டும். வந்த சொற்கள் நின்றுபோனால், எந்த வயதானாலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். 'காக்கா'வை மூன்று வயதுப் பிள்ளை 'தாத்தா' என்பதற்குப் பயப்பட வேண்டாம். ர, ழ, ற போன்ற ஒலிகள் இன்னும் தாமதமாகத்தான் திருந்தும்.

முதலில் செவித்திறன் பரிசோதனை

கேட்காத சொல்லைப் பிள்ளை பேசாது. "கை தட்டினால் திரும்புகிறானே" என்பது போதாது. உரத்த சத்தம் கேட்கும் காதுக்கு ச, ஸ போன்ற மெல்லிய ஒலிகள் எட்டாமல் போகலாம். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்து, கேட்கும் திறன் கூடியும் குறைந்தும் இருக்கலாம். ஓ.ஏ.இ. பரிசோதனையில் காதில் சிறு கருவியைச் செருகிச் சில நிமிடங்களில் பார்த்துவிடுவார்கள். தூங்கும் பிள்ளையின் தலையில் மின்முனைகளை ஒட்டி, ஒலி மூளை வரை போகிறதா என்று அளப்பது பெரா. கடுமையான செவித்திறன் குறை உள்ள, ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தப்படுகிறது. கருவி ஒலியைத்தான் தரும். அதைச் சொல்லாகப் புரிந்துகொள்ளத் தொடர்ந்து பயிற்சி வேண்டும்.

எங்கே போவது?

செலவில்லாத வழி, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் இயங்கும் இந்த மையங்கள், பிறப்பு முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கானவை. இதே திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வரும். அப்போதே பிள்ளையின் பேச்சைப் பற்றிச் சொல்லி, மையத்துக்குப் பரிந்துரை கேட்கலாம். சென்னையை ஒட்டி, முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. தனியாரிடம் போனால், பயிற்சியாளர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். தயங்க வேண்டியதில்லை, பதிவைக் கட்டாயமாக்குவது 1992-ஆம் ஆண்டுச் சட்டம்.

உள்ளே என்ன நடக்கும்?

முதல் நாள் பெரும்பாலும் கேள்விகள்தான்: பிரசவம் எப்படி, வீட்டில் யார் யார், பிள்ளை எதைக் கேட்டுப் புரிந்துகொள்கிறது. பிறகு பொம்மை, பந்து, படப்புத்தகம். "வெறும் விளையாட்டுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று பெற்றோர் சலித்துக்கொள்வது உண்டு. பந்தை உருட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு பயிற்சியாளர் காத்திருப்பதைக் கவனியுங்கள். பிள்ளை கேட்பதற்காக ஒரு தேவையை அவர் உண்டாக்குகிறார். இதைப் பெற்றோர் கற்றுக்கொள்ளத்தான் அந்த அறை. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, முக்கால் மணி நேரம் அங்கே நடப்பது விதைதான், விளைவது வீட்டில்.

"இது என்ன, சொல்லு" என்று பரீட்சை வைக்காதீர்கள். "தோசையா, இட்லியா?" என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். பிள்ளை "தோச" என்றால், "சூடான தோசை வேணுமா?" என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்லுங்கள். குளிப்பாட்டும்போதும் காய் நறுக்கும்போதும் செய்வதைப் பேச்சாக்குங்கள். வீட்டில் தமிழும் தெலுங்கும் புழங்கினால் ஒன்றை நிறுத்த வேண்டாம். இரு மொழி பேச்சைத் தாமதப்படுத்துவதில்லை. நிறுத்த வேண்டியது சாப்பாட்டு நேரத்துச் செல்போனைத்தான். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்.

"இத்தனை நாளில் பேசவைத்துவிடுவோம்" என்று உத்தரவாதம் தரும் இடத்தை நம்ப வேண்டாம். நல்ல பயிற்சியாளர், அடுத்த சில மாதங்களுக்கான இலக்கை எழுதித் தருவார். வீட்டில் செய்ய வேண்டியதைச் செய்து காட்டுவார். பலன் தெரியாவிட்டால் முறையை மாற்றுவார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பெற்றோரை வெளியே உட்காரவைப்பது வழக்கமானால், காரணம் கேளுங்கள்.